பின்கழுத்து நூல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வீட்டுக்குறிப்பிலிருந்து பிறந்தது. கதை பிறக்கத் தக்க இடம் அதுவல்ல என்று எனக்கும் தெரியும்.

சண்டை வந்து பவுன் விலை கைக்கெட்டாமல் போன நாட்களில், பட்டணத்துப் பத்திரிகை ஒன்றில் 'மாதர் பக்கம்' எழுதிவந்த குமாரி கோமளம் நான்தான். எனக்கு மீசை உண்டு. திண்டிவனத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் பாரத்துக்குப் பூகோளம் நடத்துகிறவன். ஊறுகாயில் பூசணம் பிடிக்காமலிருக்க, சர்க்கரைக்கு எறும்பு வராமலிருக்க, பட்டுப்புடவையில் கறை போக என்று மாதாமாதம் எழுதுவேன். ஊறுகாய் நான் போட்டதில்லை. பட்டு எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். 1944 தை இதழுக்கு எழுதியது இது:

"தங்க முலாம் பூசிய கில்டு நகை நெடுநாள் உழைக்க ஆறு யோசனைகள். ஒன்று, குளிக்குமுன் கழற்றிவிட வேண்டும். ஈரம் முலாமுக்குச் சத்துரு. இரண்டு, வேர்வை சிந்தும் வேலையின்போது அணியலாகாது. மூன்று, பின்கழுத்தில் படும் இடத்தில் நூலை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் அவ்விடம் கறுக்காது. நான்கு, புளி, சீயக்காய் இரண்டையும் அண்டவிடக் கூடாது. ஐந்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஆறு, பஞ்சில் பொதிந்து மூடியுள்ள டப்பாவில், உப்புச் சட்டிக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். இவ்வாறு செய்தால் பத்து வருஷம் புதுக்கருக்கு அழியாது."*

பதினெட்டுக் கடிதங்கள் வந்தன. எல்லாம் பாராட்டு. 'அக்கா, தங்களுக்குத்தான் எத்தனை அனுபவம்!' என்று ஒருத்தி உருகியிருந்தாள். பதினெட்டில் ஒன்றில் மட்டும் ஒரு கேள்வி. விழுப்புரம் முத்திரை, கையெழுத்து இல்லை. 'கழற்று கழற்று என்கிறீர்களே, ஏன் கழற்றினாய் என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? அதற்கு ஒரு யோசனை எழுதவில்லையே?'

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

(* பத்து வருஷம் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று பத்திரிகாசிரியர் கேட்கவில்லை. வாசகர்களும் கேட்கவில்லை. நீங்களாவது கேட்டு வையுங்கள்.)

2

ஆரம்பங்கள் சில:

இருதயமேரிக்குக் கல்யாணமானபோது அவளுக்கு வயது —

(கல்யாணத்தில் ஆரம்பித்தால் பாதிக் கதை பந்தலிலேயே தீர்ந்துவிடும்.)

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் —

(இப்படி 'ஆனால்' போட்டுவிட்டால் அதற்கப்புறம் வருவது கண்ணீர் வரவழைக்கிற வாக்கியமாகத்தான் இருக்கும். விட்டேன்.)

மின்னுவதெல்லாம் —

(அந்தப் பழமொழியை இந்தக் கதையில் எங்கேயும் எழுத மாட்டேன். சத்தியம்.)

மல்லாட்டை மண்டியின் முற்றத்தில், காயும் வேர்க்கடலைக்குப் பக்கத்தில், பெஞ்சியில் உட்கார்ந்து ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் —

(இவர் எங்கிருந்து வந்தார்? கதைக்கு வேண்டாத ஆள். எடுத்துவிடுகிறேன்.)

3

இருதயமேரியின் தகப்பனிடமிருந்து தொடங்குகிறேன். அதுதான் நியாயம். முதல் பொய் அவனுடையது.

தேவசகாயம் திண்டிவனத்துச் சேரிக்காரன். ரெட்டியார் நிலத்தில் கூலிக்கு உழுதான். உழவில்லாத மாதங்களில் புதுச்சேரிக்கு மூட்டை ஏற்றும் வண்டிகளோடு நடந்தான். 1933இல் மகளுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை பார்த்தான். மாப்பிள்ளை பெயர் பூமாலை. (ஆண்பிள்ளைப் பெயர்தான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.) பூமாலையின் தாய் சவுரியம்மாள், "பொண்ணு கழுத்துல மூணு பவுன்ல ரெட்டவடம் போட்டுத்தான் அனுப்பணும்" என்றாள். தேவசகாயம் சரி என்றான். சரி என்று சொல்வதற்குச் செலவில்லை.

மூன்று பவுனுக்கு அவன் மூன்று ஜென்மம் உழ வேண்டும். புதுச்சேரியில் ஒரு கடையில் கில்டு சங்கிலி வாங்கினான். கல்யாணத்துக்கு முதல் நாள் மகளைக் கிணற்றங்கரைக்குத் தனியே கூப்பிட்டான்.

"மேரி, இது பவுனு இல்ல."

அவள் சங்கிலியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "பவுனு மாதிரிதானப்பா இருக்குது."

"இருக்கும். நீ வச்சிக்கிறதுலதான் இருக்குது. கடைக்காரன் சொல்லித்தான் குடுத்தான். தண்ணி ஆவாது, வேர்வ ஆவாது, புளி ஆவாது. கண்ணாட்டம் பாத்துக்கினா பத்து வருசம் வரும்னான்."

"பத்து வருசத்துக்கு அப்புறம்?"

தேவசகாயம் கிணற்றுக்குள் பார்த்தான். "அதுக்குள்ள ஒரு வழி பொறக்காதா? நான் மெய்யாலுமே மூணு பவுனு சேத்துக் குடுத்து மாத்திடறேன். அதுவரிக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா உன்ன வாழ வுட மாட்டாங்க."

மறுநாள் மாதா கோயில் உபதேசியார் முன்னால், சேரியே பார்க்க, "மூணு பவுனு" என்று சொல்லி அவன் சங்கிலியைக் கொடுத்தான். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டான். மகளைக் கொடுக்கும் துக்கம் என்று நினைத்து எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். சங்கிலியை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

4

இனி அந்தக் கடிதக்காரியின் கேள்வி வருகிறது. புகுந்த வீட்டில் முதல் வாரமே மாமியார் கேட்டாள்: "குளிக்கப் போறப்ப சங்கிலிய ஏன் கழட்டற? பவுன்மேல பட்ட தண்ணி ஒடம்புல பட்டா நல்லதுதான?"

பதினேழு வயதுப் பெண். பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. எதிரே சுவரில் மாதா படம் இருந்தது.

"பொருத்தன அத்தே. மாதாவுக்கு நேந்துக்கினேன். பூசைக்கிப் போறப்ப மட்டும் போட்டுக்குவேன். வேல செய்யறப்ப, குளிக்கறப்ப கழட்டிடுவேன். நகமேல ஆச வைக்கக் கூடாதுன்னுதான்."

வாயிலிருந்து விழுந்த பிறகு அவளுக்கே அது நன்றாக இருப்பதாகத் தோன்றியது. முலாம் கெடாமலிருக்கக் கடைக்காரன் போட்ட விதிகளுக்கும், ஆத்துமம் கெடாமலிருக்கச் சாமியார் போடும் விதிகளுக்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் கழற்று, ஒதுங்கு, தேய்க்காதே, மூடி வை என்றுதான் வருகிறது.

சேரியில் அவள் பெயர் பரவியது. 'மேரி ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நக போடுவா, அம்மாம் பக்தி' என்றார்கள். ஒரே வாரத்தில் சவுரியம்மாளும் தன் காதுக் கம்மலைக் குளிக்குமுன் கழற்ற ஆரம்பித்தாள். அப்புறம் பக்கத்து வீடு. அப்புறம் எதிர் வீடு. ஈஸ்டருக்கு முன் வரும் தபசு காலம் முடிவதற்குள் பதினோரு பெண்கள் அந்தப் பொருத்தனையை எடுத்துக்கொண்டார்கள். உபதேசியார் பிரசங்கத்திலேயே மெச்சினார்.

(பதினோரு பேரும் ஏன் அத்தனை சுருக்கில், 'அப்பாடா' என்பதுபோல அந்தப் பொருத்தனையை எடுத்துக்கொண்டார்கள் என்று மேரி யோசிக்கவில்லை. அவளுக்குத் தன் பயமே தலைக்குமேல் இருந்தது. ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தால் சேரி முழுக்க யோக்கியர்களாகத்தான் தெரிவார்கள்.)

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம் வந்து, நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. பத்து வருஷம் பொய் சொன்னவளுக்காக வாசகர் ஏன் இரங்க வேண்டும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், புருஷனிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லத்தான் இருந்தாள். மூன்றாம் வருஷம், பெண்குழந்தை பிறந்த பிறகு. அதற்குள் சேரிக் கோடியில் ஒரு வீட்டில் மருமகளின் மூக்குத்தி பல்லை இளித்துவிட்டது. அந்தப் பெண்ணை மாமனார் வீட்டார் அன்றைக்கே ரயிலேற்றிவிட்டார்கள். குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் கேப்பைக்களி தின்றுகொண்டே பூமாலை சொன்னான்:

"கரெக்டுதான் பண்ணாங்க. கில்டப் போட்டு ஏமாத்தனவ வேற எதுல ஏமாத்த மாட்டா?"

மேரி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். பூமாலை கெட்டவனில்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். 'எம் பொண்டாட்டி மூணு பவுனோட வந்தவ' என்று வேலையிடத்தில் பத்துப் பேரிடம் சொல்லுவான். அவனிடம் இருந்த ஒரே பெருமை அது. அதில் கைவைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே துணி சுருட்டி ஒற்றினாள். பஞ்சு மாற்றினாள். நூல் கறுத்தால் புது நூல் சுற்றினாள். தேவசகாயம் ஏழாம் வருஷம் காய்ச்சலில் செத்துப்போனான். மாற்றுகிறேன் என்ற மூன்று பவுன் அவனோடு போயிற்று. சங்கிலி மட்டும் மங்கவில்லை.

எனக்கு வந்த சந்தேகம் போய்விட்டது. அவளைத் திட்ட நினைத்த வார்த்தைகளை வேறொருவருக்காக வைத்திருக்கிறேன்.

6

1943, ஐப்பசி கடைசி. ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மேரியும் பூமாலையும் சவுரியம்மாளும் வீடு போய்ச் சேருமுன்னே, மண்டிக்காரர் கோதண்டபாணியிடமிருந்து ஆள் வந்தது. முற்றத்தில் காயப்போட்ட மல்லாட்டை. வானத்தில் மழை மூட்டம். 'ஜல்தியா வந்து அள்ளுங்க' என்று உத்தரவு.

மேரி கழுத்தில் சங்கிலியோடு போனாள். குனிந்து அள்ளினால் வேர்க்கும். அவள் என்ன செய்தாள் என்று உங்களுக்கே தெரியும். சங்கிலியைக் கழற்றினாள். முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். உள்ளேயிருந்து மண்டிக்காரர் மனைவி கூச்சலிட்டாள். அவளுடைய இரட்டைவடச் சங்கிலியைக் காணோம். சேரிப் பெண்கள் அந்த வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டியதில்லை. இருந்தாலும் சந்தேகம் தாண்டிப்போய் அவர்கள்மேல்தான் விழுந்தது. வரிசையாக நிறுத்தி முந்தானையை உதறச் சொன்னார்கள்.

மேரி உதறவில்லை. அவிழ்த்தாள். சங்கிலி கோணிமேல் விழுந்தது.

[பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சங்கிலியின் ஒரு பக்கத்தில் நெருக்கமாகச் சுற்றியிருந்த நூல் அவர் கண்ணில் பட்டது. — இந்த ஆள் மறுபடியும் வந்துவிட்டார். கோடு போட்டு அடித்துவிடுகிறேன்.]

"இன்னாடி இது?" என்றார் கோதண்டபாணி.

"என் சங்கிலி ஆண்டே. எங்கப்பன் கல்யாணத்துல போட்டது."

"கழுத்துல போடறத ஏண்டி கழட்டி முடிஞ்சி வச்சிக்கினு இருக்கற?"

பத்து வருஷமாக உதவிய பதிலையே சொன்னாள். "மாதாவுக்குப் பொருத்தன ஆண்டே. வேலை செய்யறப்ப கழட்டிடுவேன்."

முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

7

கோதண்டபாணி மனைவியைக் கூப்பிட்டு அடையாளம் பார்க்கச் சொன்னார். "என்னுது மாதிரிதான் இருக்குது. ஆனா அவ முடிச்சிலேருந்து வுழுந்தத நான் தொட மாட்டேன்" என்று அவள் வாசல் நிலையோடு நின்றுவிட்டாள். கண்ணையன் ஆசாரிக்கு ஆள் போயிற்று. ஆசாரி உரைகல்லோடு வந்தார். சங்கிலியைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். கல்லை மடியிலிருந்து எடுக்கவேயில்லை.

"யாருதுன்னு மொதல்ல சொல்லுங்க. உங்களுதுன்னா தீட்டு கழிச்சிட்டு ஒரைச்சிப் பாக்கறேன். அவளுதுன்னா என் கல்லுல வைக்க மாட்டேன்."

"யாருதுன்னு தெரியத்தானய்யா உன்னக் கூப்டேன்!"

"அது தெரிஞ்சப்புறம் கூப்புடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் போயே போய்விட்டார்.

(இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் இன்னும் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.)

"போலீசுல ஒப்படைச்சிடலாம்" என்றார் கோதண்டபாணி. அப்போதுதான் சவுரியம்மாள் மருமகளைக் காப்பாற்ற முன்னால் வந்தாள்.

"ஆண்டே, மாதா மேல ஆணையா சொல்றேன். அது எம் மருமவளோட பவுனுதான். மூணு பவுனு. உபதேசியாரு முன்னால எங்க சம்மந்தி போட்டாரு."

"ஆமாங்க ஆண்டே, சுத்தப் பவுனுங்க" என்றான் பூமாலை. அந்த நிலையிலும் அவன் குரலில் அந்தப் பழைய பெருமை எட்டிப் பார்த்தது.

"மூணு பவுனா? கேப்பைக் கூழுக்கே தாளம் போட்டவனுக்கு மூணு பவுனு ஏதுடா?"

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இவர்கள் சொல் ஏறியது; ஏறி அவள் தலையிலேயே விழுந்தது. பவுன் என்று சத்தியம் செய்த கணமே அது திருட்டுப் பவுனாகிவிட்டது. கில்டு என்று சொன்னால் திருட்டுப்பட்டம் போகும். வாழ்க்கையும் கூடவே போகும். இருதலைக் கொள்ளி எறும்பு. மேரி முதலில் புருஷனைப் பார்த்தாள். அப்புறம், வீட்டில் விட்டுவந்த ஏழு வயதுப் பெண் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கண்ணை மூடித் திறந்தாள். திருடி மகள் என்று அதைச் சொல்ல விடக் கூடாது என்று தீர்மானித்தாள் என்று நினைக்கிறேன்.

"அது பவுனு இல்லீங்க ஆண்டே. கில்டு."

"இன்னா சொன்ன?" என்றான் பூமாலை.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. மண்டிக்காரரைப் பார்த்து, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள்.

"குளிக்கப் போனா கழட்டிடுவேன் ஆண்டே. தண்ணி பட்டா மங்கிடும். வேர்வ ஆவாது, அதான் முடிச்சில வச்சேன். கழுத்தாண்ட கறுக்கக் கூடாதுன்னு நூலு சுத்திக்கிறேன் பாருங்க. புளியாண்ட, சீயக்காயாண்ட கொண்டுபோவ மாட்டேன். எங்கப்பன் கட்டின பழய வேட்டித் துணியில ஒத்தி ஒத்தி எடுப்பேன், தேய்க்க மாட்டேன். பஞ்சில வச்சி, பிஸ்கோத்து டப்பால போட்டு, உப்புச்சட்டிக்கு எட்ட வைப்பேன். பத்து வருசம் ஆண்டே. பவுனா இருந்தா இம்மாம் பாடு எதுக்குங்க?"

"நல்லா ஜோடிக்கிறா" என்றார் கோதண்டபாணி.

மேரி குனிந்து சங்கிலியை எடுத்தாள். மாட்டுத்தொட்டியின் கருங்கல் விளிம்பில் வைத்துத் தேய்த்தாள். துணியால்கூடத் தேய்க்காதவள், கல்லில் தேய்த்தாள். நூலைப் பிய்த்துப் போட்டுவிட்டு அங்கேயும் தேய்த்தாள். விரல்முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. பித்தளை பல்லை இளித்தது. எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினாள்.

சவுரியம்மாள் முந்தானையை இழுத்து இரண்டு காதுகளையும் மூடிக்கொண்டாள்.

"சரி சரி" என்றார் கோதண்டபாணி. "மல்லாட்ட நனையுது. அள்ளுங்க."

மூன்று பேரும் குனிந்து அள்ளினார்கள். மழை வலுத்தது. அள்ளி முடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். பூமாலை முன்னால் போனான். நடுவில் கிழவி. பத்தடி பின்னால் மேரி. கையில் அந்தச் சங்கிலி. மழை அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தது. இனி அதற்கு நனைந்தால் என்ன?

8

முடிவுகள்:

(அ) வீட்டுக்குப் போனதும் பூமாலை சிரிக்கிறான். 'எனக்கு மொதல் நாளே தெரியும் மேரி' என்கிறான். — இப்படி எழுதினால் மாதர் பக்கத்தில் உடனே போடுவார்கள். அதனாலேயே வேண்டாம்.

(ஆ) மறுநாள் காலை வண்டிக்கு அவளைத் திண்டிவனம் ஏற்றிவிடுகிறார்கள். குழந்தை இங்கே. அங்கே தகப்பனும் இல்லை. — இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதக் கை வரவில்லை.

(இ) போகிற வழியில் சவுரியம்மாள் நிற்கிறாள். காதிலிருந்து கம்மலைக் கழற்றி, மைல்கல்லில் தேய்த்து, மகன் கையில் வைக்கிறாள். 'என்னயும் அனுப்புடா' என்கிறாள். — இதை எழுதும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகை வந்ததும் அடித்துவிட்டேன். நான் அழுதால் யாருக்கு லாபம்?

9

கடிதங்கள் பதினேழுதான் வந்தன. பதினெட்டாவது நான் எழுதிக்கொண்டது. 'ஏன் கழட்டின?' என்ற கேள்வியை விழுப்புரத்திலிருந்து எனக்கு யாரும் எழுதவில்லை. நான் காதால் கேட்டேன்.

பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவரை இனி அடிக்கப்போவதில்லை. அவர் பெயர் சீனுவாசன். மண்டிக்காரர் மனைவியின் தம்பி. லீவுக்கு அக்காள் வீட்டுக்கு வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார். மீசை உண்டு.

அந்த நூலைப் பார்த்த நிமிஷமே எனக்கு அது கில்டு என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததற்குக் காரணம், என் மனைவியின் சங்கிலியிலும் அதே இடத்தில் அதே மாதிரி நூல் சுற்றியிருந்தது. என் வீட்டிலிருப்பது நான்கு பவுன் என்று அக்காள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய், "மாமா, ஒரு நிமிஷம் தனியா வாங்க. அது கில்டு. பொண்ண வுட்டுடுங்க" என்று காதோடு சொல்லியிருந்தால் போதும். பூமாலைக்கும் கிழவிக்கும் தெரியாமலே முடிந்திருக்கும். ஆனால் மாமா, 'உனக்கெப்படித் தெரியும்?' என்று கேட்டிருப்பார். நிலையில் அக்காள் நின்றுகொண்டிருந்தாள்.

வாயைத் திறக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். குளியல், வேர்வை, நூல் வரை எங்களுக்குத் தெரிந்ததுதான். புளி, பஞ்சு, உப்புச்சட்டி எல்லாம் தெரியாது. எங்கள் வீட்டுச் சங்கிலி அப்போது ஓரங்களில் கறுக்கத் தொடங்கியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. கேட்டேன். அன்று ராத்திரியே ஒரு கவரின் பின்பக்கத்தில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். தை இதழில் வந்தது. பத்திரிகாசிரியர் மெச்சி எழுதினார்.

அக்காளின் சங்கிலி மூன்றாம் நாள் அவள் தலையணை உறைக்குள்ளேயே கிடைத்தது. சேரிக்குச் சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது; அதோடு சரி.

அவர்கள் மூன்று பேரும் முற்றத்து வாசலைத் தாண்டும்வரைதான் நான் பார்த்தேன். அதற்கப்பால் நடந்ததை அ, ஆ, இ என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். விசாரிக்கப் போனால் ஒரே நாளில் தெரிந்துவிடும், விழுப்புரம் தூரமில்லை. நான் போகவில்லை. நீங்கள் போய் விசாரித்து எழுதுங்கள், அல்லது விசாரிக்காமலே எழுதுங்கள். எனக்கு முடிவு எழுதும் யோக்கியதை இல்லை.

போன வாரம் அக்காள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மனைவி குளிக்கப் போகுமுன் சங்கிலியைக் கழற்றிப் பஞ்சில் வைப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் கழட்டற?" என்று கேட்டாள். நான் பூகோளப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வேண்டுதல்" என்றாள் என் மனைவி.

அக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் சொன்னபடியே செய்துவருவதால் எங்கள் வீட்டுச் சங்கிலி இன்னும் கறுக்கவில்லை. அவள் என்றால் மேரி.